கேள்வி – பதில்: கடைக்கு ஒரு தனி அஞ்சல் பெட்டி

வணிகத்துக்குப் பயன்படும் மின்னஞ்சல் குறித்துக் கேள்விகளை அனுப்புமாறு சென்ற இதழில் வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பகுதி போடி, பொள்ளாச்சி, செங்கோட்டை, களியக்காவிளை, மூணாறு, நகரி என்று எல்லையோர ஊர்களிலிருந்தே வந்திருந்தது. யோசித்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. தோட்டம் ஒரு மாநிலத்தில், கிடங்கு அடுத்த மாநிலத்தில், சரக்கை வாங்குபவர் கடலுக்கு அப்பால் என்று தொழில் நடத்துபவர்களுக்குக் கடிதம்தான் கடைவாசல். பெயரை வெளியிட வேண்டாம் என்று பலரும் கேட்டிருப்பதால் ஊர்ப்பெயரை மட்டும் தந்திருக்கிறேன்.

கேள்வி (போடிநாயக்கனூர்): ஏலக்காய் வியாபாரம் செய்கிறேன். புத்தடி, போடி ஆகிய இரண்டு மையங்களிலும் மின் ஏலத்தில் காய் எடுத்து, தரம் பிரித்து, வட இந்தியாவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் அனுப்புகிறோம். 12 ஆண்டுகளாக ஒரே இலவச மின்னஞ்சல் முகவரிதான். விசிட்டிங் கார்டு, பெயர்ப்பலகை, வங்கி, ஜி.எஸ்.டி. எல்லாவற்றுக்கும் அதையே கொடுத்திருக்கிறேன். இப்போது நாளொன்றுக்கு 200 குப்பை அஞ்சல்கள் வருகின்றன. ஜெத்தாவிலிருந்து பழைய வாடிக்கையாளர் ஒருவர் சாம்பிள் கேட்டு எழுதிய கடிதம் ஸ்பாம் பெட்டிக்குள் போய்விட்டது. நான் பார்ப்பதற்குள் அவர் வேறு இடத்தில் வாங்கிவிட்டார். 'குப்பையே வராத தனி மின்னஞ்சல்' தருவதாக ஒரு முகவர் ஆண்டுக்கு 9,000 ரூபாய் கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். இதே கேள்வியை இன்னும் நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள்.

கடிதத்துடன் நீங்கள் அனுப்பியிருந்த ஸ்கிரீன்ஷாட்டில் தெரிந்த 50 தலைப்புகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். உங்கள் இணையதளத்தைக் கூகுளில் முதலிடத்துக்குக் கொண்டுவருவதாக 17 கடிதங்கள், ஈடில்லாக் கடன் தருவதாக 9, பொட்டலம் கட்டும் இயந்திரம் விற்பவர்களிடமிருந்து 6. மிச்சமுள்ளவற்றின் நடுவே, 31ஆவது வரியில், '8 மி.மீ. காய், விலை தேவை' என்று ஒரு தலைப்பு இருந்தது. அது தடித்த எழுத்தில் இருந்தது. அதாவது, படம் எடுத்த நேரம் வரை நீங்கள் அதைத் திறக்கவில்லை. இதைப் படிப்பதற்குள் திறந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

குப்பையே வராத பெட்டி என்று விற்கப்படுவது பெரும்பாலும் இரண்டு வகைகளில் ஒன்றாக இருக்கும். முதல் வகையில், நீங்கள் முன்கூட்டியே எழுதிக்கொடுத்த முகவரிகளிலிருந்து வருபவை மட்டுமே உள்ளே விடப்படும். இரண்டாம் வகையில், முதன்முறையாக எழுதுபவருக்கு 'நீங்கள் மனிதர்தான் என்பதை இங்கே தட்டி உறுதி செய்யுங்கள்' என்று ஒரு தானியங்கிப் பதில் போகும். அவர் தட்டினால்தான் கடிதம் உங்களிடம் வந்து சேரும். குடும்பத்துக்குள் எழுதிக்கொள்ள இவை போதும். ஆனால் ரியாத்தில் ஒருவர் உங்கள் பெயரைக் கேள்விப்பட்டு 500 கிலோவுக்கு விலை கேட்டு எழுதும்போது, அதே கடிதத்தைக் கம்பத்துக்கும் குமுளிக்கும் இன்னும் நான்கு பேருக்கு அனுப்பியிருப்பார். அந்த நான்கு பேரும் விலை சொல்லி முடித்திருக்கும் வேளையில் நீங்கள் மட்டும் அவர் மனிதர்தானா என்று விசாரித்துக்கொண்டிருப்பீர்கள். வியாபாரிக்கு அறிமுகமில்லாதவரின் கடிதம்தான் நாளைய வரவு. அதை வாசலில் நிறுத்திவைக்கும் காவலாளிக்கு ஆண்டுக்கு 9,000 ரூபாய் சம்பளம் கொடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

குப்பையை முற்றாக ஒழிக்க முடியாமல் இருப்பதற்கு மின்னஞ்சல் பிறந்த விதமே காரணம். பெயருக்கும் இடத்துக்கும் நடுவே அட் குறியை வைத்து ரே டாம்லின்சன் 1971இல் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கடிதம் அனுப்பியபோது, அந்த வலையமைப்பில் இருந்தவர்கள் அநேகமாக ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்கள். 1978 மே மாதத்திலேயே, கேரி தூர்க் என்ற கணினி விற்பனை அலுவலர் தம் நிறுவனத்தின் புதிய கணினிகளைப் பற்றி ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பி எல்லோரையும் எரிச்சலூட்டினார்; குப்பை அஞ்சலின் தொடக்கமாக அதைத்தான் சொல்வார்கள். அப்படியிருந்தும் 1982இல் வகுக்கப்பட்ட அஞ்சல் நெறிமுறை, அனுப்புபவர் தம்மை யாரென்று சொல்லிக்கொள்கிறாரோ அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. தபால் உறையின் பின்புறத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதிப் பெட்டியில் போட்டுவிடலாம் அல்லவா, அதைப் போலத்தான். அதன் பிறகு வந்த பாதுகாப்புகள் எல்லாம் கட்டி முடித்த வீட்டுக்குப் பின்னால் வைத்த பூட்டுகள்.

ஆகவே, உங்கள் பணம் வேறு இடத்தில் செலவாக வேண்டும். கடையின் பெயரில் சொந்தமாக ஒரு டொமைன், அதாவது முகவரியில் அட் குறிக்குப் பின்னால் வரும் பெயர், வாங்குங்கள். இந்தியாவுக்குரிய 'டாட் இன்' பெயர்கள் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டிய செலவில் கிடைக்கும். அந்தப் பெயரில் அஞ்சல் பெட்டி நடத்தித் தருவதற்கு கூகுள், மைக்ரோசாஃப்ட், நம் ஊர் ஜோஹோ என்று பல நிறுவனங்கள் இருக்கின்றன. நாளை ஒரு நிறுவனம் பிடிக்கவில்லை என்றால் பெட்டியை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், முகவரி மாறாது. இலவச முகவரியில் இந்த வசதி இல்லை என்பது, அந்தக் கணக்கு ஒருநாள் முடங்கும்போதுதான் பலருக்கும் உறைக்கிறது.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். இணையதளம் செய்து தரும் தம்பி டொமைனையும் தம் பெயரிலேயே பதிவு செய்துகொள்வது ஊருக்கு ஊர் நடக்கிறது. அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. அவர் வேலை மாறிக் கொச்சிக்குப் போய்விட்டால் உங்கள் கடையின் பெயரும் அவருடனே போய்விடும். பதிவு உங்கள் பெயரில், உங்கள் கைப்பேசி எண்ணில் இருக்கட்டும். அதற்கான தொடர்பு முகவரியாக அந்த டொமைனிலேயே உள்ள பெட்டியைக் கொடுத்துவிடாதீர்கள். நானே அந்தத் தவற்றைச் செய்தவன். புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் ஸ்பாமுக்குள் போய்ச் சேர்ந்தன. கெடு முடிந்ததும் பெட்டியே நின்றுவிட்டது. நின்றுபோனதைத் தெரிவிக்கும் கடிதமும் அந்தப் பெட்டிக்குத்தான் வரவேண்டியிருந்தது. மூன்று நாள் எனக்கு யாரும் எழுதவில்லை என்று நிம்மதியாக இருந்தேன்.

டொமைன் கைக்கு வந்ததும் முகவரியைப் பிரித்துக்கொள்ளுங்கள். விசிட்டிங் கார்டுக்கும் பலகைக்கும் ஒன்று. ஊர் முழுக்கத் தெரிந்தது என்பதால் குப்பை அதற்குத்தான் வரும், வரட்டும். பேசிப் பழகிய வாடிக்கையாளர்களுக்கு இன்னொன்று. அதை எங்கும் அச்சிடக் கூடாது. வங்கி, ஜி.எஸ்.டி., ஏற்றுமதிப் பதிவு, ஸ்பைசஸ் போர்டு ஆகியவற்றுக்கு மூன்றாவது ஒன்று. அது உங்கள் கணக்கரைத் தவிர வேறு யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. கண்காட்சிகளிலும் வணிகப் பட்டியல் தளங்களிலும் கேட்டால், அந்தந்த இடத்துக்கென்று ஒரு மாற்றுப்பெயர் முகவரியை உருவாக்கிக் கொடுங்கள். எல்லாம் ஒரே பெட்டியில் வந்து விழுமாறு வைத்துக்கொள்ளலாம். ஆறு மாதம் கழித்து அந்தக் கண்காட்சிக்காகக் கொடுத்த முகவரிக்குக் கடன் விளம்பரம் வந்தால், பட்டியலை விற்றது யார் என்பது தெரிந்துவிடும். அந்த ஒரு முகவரியை மட்டும் மூடிவிடலாம். ஆனால் உங்கள் டொமைனுக்கு எந்தப் பெயரில் கடிதம் வந்தாலும் ஏற்றுக்கொள்ளும் அமைப்பு ஒன்று உண்டு. வசதி என்று நினைத்து அதைத் திறந்துவைத்தால், கண்ணை மூடிக்கொண்டு பெயர்களை ஊகித்து அனுப்பும் குப்பைக்காரர்களுக்குக் கொண்டாட்டமாகிவிடும்.

பழைய முகவரியை உடனே மூடிவிட வேண்டாம். குறைந்தது இரண்டு ஏலப் பருவங்களாவது அது உயிரோடு இருக்கட்டும். அங்கே வரும் குப்பையை அழிப்பதற்குப் பதிலாக 'ஸ்பாம்' என்று குறியிடுங்கள். நல்ல கடிதம் ஸ்பாமுக்குள் கிடந்தால் 'ஸ்பாம் இல்லை' என்று குறியிட்டு, அனுப்பியவரைத் தொடர்புப் பட்டியலில் சேருங்கள். வடிகட்டி அப்படித்தான் உங்களிடமிருந்து பாடம் கற்கிறது. ஜிமெயிலில் ஸ்பாம் பெட்டியில் கிடப்பவை 30 நாளில் தாமாக அழிந்துவிடும் என்பதால், மாலைத் தேநீர் நேரத்தில் அதை ஒருமுறை புரட்டிப் பார்ப்பதைக் கடைப்பையன் வேலைகளில் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (பொள்ளாச்சி): தேங்காய் நார்க்கழிவை 5 கிலோ கட்டிகளாக அழுத்தி ஐரோப்பாவுக்கு அனுப்புகிறோம். கிடங்கு மீனாட்சிபுரம் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஸ்பெயினில் உள்ள வாடிக்கையாளருக்கு இன்வாய்ஸ் அனுப்பிய இரண்டாம் நாள், 'எங்கள் வங்கிக் கணக்கில் தணிக்கை நடக்கிறது, இந்தப் புதிய கணக்கில் செலுத்துங்கள்' என்று எங்கள் பெயரில் அவருக்கு ஒரு கடிதம் போயிருக்கிறது. அவர் 18,400 யூரோவைச் செலுத்திவிட்டார். நாங்கள் அப்படி எழுதவேயில்லை. எங்கே தவறு நடந்தது? இனி என்ன செய்வது?

பதில்: இந்த மோசடிக்கு உலகெங்கும் ஒரே அச்சு. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. புகார் மையத்துக்கு 2023ஆம் ஆண்டில் மட்டும் இவ்வகையில் ஏறத்தாழ 290 கோடி டாலர் இழப்பு நேர்ந்ததாகப் புகார்கள் வந்திருக்கின்றன. எனவே, உங்கள் கவனக்குறைவால் மட்டும் நடந்தது என்று மனம் உடைந்துவிட வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய இரண்டு கடிதங்களின் நகல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தலைப்புத்தாள், கையெழுத்து, 'நலம், நலமறிய ஆவல்' என்பதன் ஆங்கில வடிவத்தில் நீங்கள் வழக்கமாகத் தொடங்கும் முதல் வரி வரைக்கும் எல்லாம் ஒன்றே. அனுப்புநர் முகவரியில்தான் சூது இருக்கிறது. உங்கள் டொமைன் பெயரில் ஆங்கில எழுத்து 'எம்' வருகிற இடத்தில், 'ஆர்', 'என்' ஆகிய சிறிய எழுத்துகள் இரண்டை ஒட்டிவைத்து ஒரு புதிய டொமைனைப் பதிவு செய்திருக்கிறார்கள். கைப்பேசித் திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே தெரியும். நானும் எழுத்தைப் பெரிதாக்கிய பிறகுதான் கண்டுபிடித்தேன்.

இன்வாய்ஸ் போன நாளையும் தொகையையும் அவர்கள் அறிந்திருந்தார்கள் என்றால், உங்கள் பெட்டியிலோ அவருடைய பெட்டியிலோ வெகுநாளாக ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள். போலி நுழைவுப் பக்கம் ஒன்றில் யாரோ கடவுச்சொல்லைத் தட்டியிருப்பார்கள். உள்ளே வந்தவர் உடனே எதையும் திருடுவதில்லை. 'இன்வாய்ஸ்', 'பேமென்ட்' என்ற சொற்கள் உள்ள கடிதங்களின் நகல் தமக்கு வருமாறும், வாடிக்கையாளரின் பதில்கள் யாரும் திறக்காத ஒரு மூலைக் கோப்புறைக்குள் நேராகப் போய்விடுமாறும் ஒரு விதியை அமைத்துவிட்டுக் காத்திருப்பார். ஆகவே, கடவுச்சொல்லை மட்டும் மாற்றினால் போதாது. அமைப்புப் பக்கத்தில் 'ஃபார்வர்டிங்', 'ஃபில்டர்' ஆகிய இரண்டு இடங்களையும் திறந்து, நீங்கள் வைக்காத விதி ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். எந்தெந்தக் கருவிகளில் கணக்கு திறந்திருக்கிறது என்ற பட்டியலைப் பார்த்து எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். பிறகு கடவுச்சொல்லை மாற்றி, இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள். முடிந்தால் ஓ.டி.பி. குறுஞ்செய்தியை விடச் சரிபார்ப்புச் செயலியே மேல்.

பணத்தைப் பொறுத்தவரை நேரம்தான் எல்லாம். பணம் செலுத்தியவரின் வங்கிதான் அதைத் திரும்பப் பெறக் கோரிக்கை அனுப்ப முடியும் என்பதால், ஸ்பெயின்காரர் தம் வங்கிக்கும் தம் நாட்டுக் காவல்துறைக்கும் உடனே எழுத வேண்டும். நீங்கள் 1930 என்ற எண்ணில் அல்லது தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதிவு செய்து, ஒப்புகை எண்ணை அவருக்கும் உங்கள் வங்கிக்கும் அனுப்புங்கள். கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின் கீழ் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம். போலிக் கடிதத்தை அச்செடுத்து வைத்துக்கொண்டால் மட்டும் போதாது. அதை மூல வடிவத்தில், எந்த வழியாக வந்தது என்று காட்டும் தலைப்பு விவரங்களுடன், அவருடைய பெட்டியிலிருந்து அழியாமல் பாதுகாக்கச் சொல்லுங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆவது பிரிவு, மின்னணு ஆவணத்தைச் சாட்சியமாக்கச் சான்றிதழ் கேட்கிறது. அதற்கு மூலக் கடிதம் வேண்டும்.

இழப்பு யாருடையது என்று நீங்களும் அவரும் வாதிட நேர்ந்தால் வழக்கறிஞரிடம் செல்லுங்கள். யாருடைய பெட்டி உடைந்தது, உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பவற்றைப் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்வது முறையில்லை. அடுத்த இன்வாய்ஸிலிருந்து, 'எங்கள் வங்கிக் கணக்கு மின்னஞ்சல் வழியாக ஒருபோதும் மாற்றப்படாது. ஐயம் எழுந்தால் ஒப்பந்தத்தில் உள்ள தொலைபேசி எண்ணில் அழையுங்கள்' என்ற வரியை அச்சிடுங்கள். ஒப்பந்தத்தில் உள்ள எண் என்று சொல்வதைக் கவனியுங்கள். கடிதத்தின் அடியில் இருக்கும் எண்ணை அழைத்தால், கடிதத்தை எழுதிய திருடனே எடுத்து 'ஆமாம், சரிதான்' என்பான்.

கேள்வி (நகரி): விசைத்தறி வைத்திருக்கிறோம். சென்னை, மும்பை மொத்த வியாபாரிகளுக்கு எங்கள் டொமைனிலிருந்து அனுப்பும் இன்வாய்ஸ்கள் அவர்களின் ஸ்பாம் பெட்டிக்குள் போகின்றன. எங்களுக்குக் குப்பை வருவது தொல்லையில்லை, நாங்களே குப்பையாகிவிட்டோம்.

பதில்: கடைசி வரியை ரசித்தேன். உங்கள் டொமைனுக்கு மூன்று பதிவுகள் இல்லை என்பதே பெரும்பாலும் இதற்குக் காரணமாக இருக்கும். எஸ்.பி.எஃப். என்பது உங்கள் பெயரில் கடிதம் கொண்டுவர எந்தெந்த அஞ்சல் கணினிகளுக்கு உரிமை உண்டு என்ற பட்டியல். பில் எடுக்க எந்தப் பையனை அனுப்புவீர்கள் என்று முன்கூட்டியே கடையில் சொல்லிவைப்பதைப் போன்றது. டி.கே.ஐ.எம். என்பது ஒவ்வொரு கடிதத்தின் மீதும் கண்ணுக்குத் தெரியாமல் இடப்படும் முத்திரை. வழியில் யாரேனும் கடிதத்தைத் திருத்தினால் முத்திரை உடைந்துவிடும். இவற்றில் தேறாத கடிதத்தை என்ன செய்வது என்று பெறுபவரின் அஞ்சல் சேவைக்குச் சொல்லும் கட்டளை டிமார்க். மொத்தமாகக் கடிதங்கள் அனுப்புபவர்களுக்கு (ஜிமெயில் கணக்கில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5,000 அல்லது அதற்கு மேல்) இம்மூன்றும் கட்டாயம் என்று ஜிமெயிலும் யாஹூவும் 2024 பிப்ரவரி முதல் விதித்திருக்கின்றன. உங்களைப் போல நாளைக்கு நாற்பது இன்வாய்ஸ் அனுப்புபவருக்கு அந்த எண்ணிக்கை பொருந்தாது என்றாலும், முத்திரையில்லாத கடிதத்தை வடிகட்டிகள் இப்போது சந்தேகத்துடனேயே பார்க்கின்றன.

டொமைன் விற்றவரின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் இந்த மூன்று வரிகளையும் சேர்ப்பது தெரிந்தவருக்கு அரைமணி நேர வேலை. டிமார்க்கை முதலில் 'கவனிக்க மட்டும்' என்ற நிலையில் வையுங்கள். சில வாரங்கள் அறிக்கைகளைப் பார்த்து, உங்களுடைய நியாயமான கடிதங்கள் எல்லாம் தேறுகின்றன என்று உறுதியான பிறகு கடுமையாக்குங்கள். எடுத்த எடுப்பிலேயே 'நிராகரி' என்று போட்டால், பில்லிங் மென்பொருளிலிருந்து போகும் உங்கள் சொந்த இன்வாய்ஸ்களே திரும்பி வரலாம். சோதிக்க விரும்பினால், ஒரு ஜிமெயில் முகவரிக்கு அனுப்பி, அங்கே 'மூலத்தைக் காட்டு' என்பதைத் திறந்து பாருங்கள். மூன்றுக்கும் எதிரே 'பாஸ்' என்று இருக்க வேண்டும். இலவசமாகவோ மலிவாகவோ இணையதளத்துடன் சேர்த்துக் கொடுக்கப்படும் அஞ்சல் வசதி என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு: ஒரே கணினியை நூறு பேர் பகிர்ந்துகொள்வதால், அவர்களில் ஒருவர் செய்யும் பாவம் உங்கள் கணக்கிலும் ஏறும்.

மாதிரிக்கு நீங்கள் அனுப்பிய கடிதத்தில் ஒரு வரி எழுத்துகூட இல்லை. பெரிய எழுத்துகளிலேயே தட்டிய ஒரு தலைப்பும் 12 எம்.பி. ஸ்கேன் படமும் மட்டும் இருந்தன. மோசடிக்காரர்களும் அப்படித்தான் அனுப்புகிறார்கள். துணியின் ரகம், மீட்டர், லாரி புறப்பட்ட நாள் என்று இரண்டு வரி எழுதி, பி.டி.எஃப். ஆக இணையுங்கள்.

கேள்வி (மூணாறு): ஹோம்ஸ்டே நடத்துகிறேன். விளம்பரக் கடிதங்களின் அடியில் 'விலக' என்று ஒரு இணைப்பு இருக்கிறது. அதைத் தட்டினால் இன்னும் அதிகமாக வருகிறது என்கிறார்களே?

பதில்: நீங்களே எப்போதோ பதிவு செய்த, பெயர் தெரிந்த நிறுவனம் என்றால் தயங்காமல் தட்டுங்கள். யாரென்றே தெரியாதவர் என்றால் தொடாதீர்கள். தட்டுவது, இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று அவருக்கு ரசீது கொடுப்பதாகும். கடிதத்தில் படங்கள் தாமாகத் திறக்கும் அமைப்பையும் நிறுத்திவையுங்கள். கடுகளவுகூட இல்லாத, கண்ணுக்குத் தெரியாத ஒரு படத்தை உள்ளே வைத்து, அது திறக்கப்படும் நேரத்தை வைத்தே நீங்கள் படித்தீர்களா என்று கண்டுபிடிப்பவர்கள் உண்டு.

கேள்வி (செங்கோட்டை): ஆடிட்டர் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். தென்காசியிலும் மலைக்கு அந்தப் பக்கம் புனலூரிலும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் பான், ஆதார், வங்கி அறிக்கைகளை மின்னஞ்சலிலேயே அனுப்புகிறார்கள். இலவச மின்னஞ்சலில் நிறுவனத்தார் நம் கடிதங்களைப் படிப்பார்களா? கடிதத்தைப் பிறர் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யும் வெளிநாட்டுச் சேவைக்கு மாற வேண்டுமா?

பதில்: இரண்டு அரசாங்கங்களுக்குக் கணக்கு எழுதுவது உங்கள் ஊருக்குப் புதிதில்லை, 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணையும் வரை செங்கோட்டைக்காரர்கள் திருவனந்தபுரத்துக்குத்தானே மனு எழுதினார்கள்! கேள்விக்கு வருகிறேன். விளம்பரங்களைத் தேர்ந்தெடுப்பதற்காக ஜிமெயில் கடிதங்களின் உள்ளடக்கத்தை இயந்திரம் கொண்டு ஆராய்ந்தது உண்மை; அதை நிறுத்துவதாக 2017இல் கூகுள் அறிவித்தது. ஸ்பாமையும் வைரஸையும் கண்டுபிடிக்க இயந்திரம் இன்றும் கடிதத்தைப் பார்க்கத்தான் செய்கிறது. பார்க்காமல் வடிகட்ட முடியாது.

பெரிய சேவைகளுக்கிடையே கடிதம் போகும்போது வழியில் குறியாக்கம் செய்யப்பட்டே போகிறது. சேர்ந்த இடத்தில் சேவை நிறுவனத்தால் திறக்கக்கூடிய நிலையில் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் புரோட்டான், ஜெர்மனியின் டூட்டா போன்றவை நிறுவனத்தாராலேயே படிக்க முடியாதபடி பூட்டிவைக்கின்றன. ஆனால் அந்தப் பூட்டு இரு முனைகளிலும் அதே சேவை இருந்தால்தான் தானாக வேலை செய்யும். புனலூர் வாடிக்கையாளர் தம் இலவச முகவரியிலிருந்து அனுப்பும் வங்கி அறிக்கையின் நகல் அவருடைய 'அனுப்பியவை' பெட்டியில் திறந்தபடியே கிடக்கும். புரோட்டானில் கடிதத்தின் தலைப்பு வரி இந்தப் பூட்டுக்குள் அடங்குவதில்லை என்பதால், தலைப்பில் பான் எண்ணை எழுதும் வழக்கமுள்ளவர்களுக்கு அதனாலும் பயனில்லை.

என் கருத்தில், உங்கள் அலுவலகத்துக்கு ஆபத்து வெளிநாட்டிலிருந்து வரப்போவதில்லை. பகிர்ந்துகொள்ளும் ஒரே கடவுச்சொல், வேலையை விட்டுப் போனவரின் கைப்பேசியில் இன்னும் திறந்திருக்கும் பெட்டி, ஜி.எஸ்.டி. நினைவூட்டலை 150 பேருக்கு ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியும்படி அனுப்புவது ஆகியவைதான் அன்றாடம் நடப்பவை. இந்த மூன்றாவதைச் செய்து, ஓர் அலுவலகத்தின் வாடிக்கையாளர் பட்டியல் போட்டி அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். பலருக்கு அனுப்பும்போது முகவரிகளை 'பி.சி.சி.' கட்டத்தில் இடுங்கள். ஆளுக்கொரு கணக்கு வையுங்கள். ஆதாருக்குக் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு வடிவத்தை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே பெறலாம். முழு எண் சட்டப்படி தேவைப்படாத இடங்களில் அதைக் கேளுங்கள். மற்றவற்றைக் கடவுச்சொல் இட்ட பி.டி.எஃப். ஆக அனுப்பச் சொல்லி, அந்தக் கடவுச்சொல்லைத் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். அதே கடிதத்தின் அடியில் 'பாஸ்வேர்டு கீழே' என்று எழுதி அனுப்புபவர்களைத் திருத்துவது மட்டும் உங்கள் சாமர்த்தியம்.

கேள்வி (களியக்காவிளை): தொலைபேசி விளம்பரங்களைத் தடுக்க 1909 இருக்கிறதே, மின்னஞ்சலுக்கு அப்படி ஒன்று இல்லையா?

பதில்: இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் அந்த ஏற்பாடு அழைப்புகளுக்கும் குறுஞ்செய்திகளுக்கும் மட்டுமே. விளம்பர மின்னஞ்சலுக்கென்று அமெரிக்கா 2003லேயே சட்டம் இயற்றியது. நம்மிடம் அப்படித் தனிச்சட்டம் கிடையாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உங்கள் ஒப்புதலின்றித் தனிப்பட்ட விவரங்களைப் பயன்படுத்துவோரைப் பொறுப்பாக்குகிறது. அது முழுமையாக நடைமுறைக்கு வரும்போது, பட்டியலை விற்பவர்களைக் கேள்வி கேட்க ஒரு வழி பிறக்கும். அப்போது எந்த முகவரி எங்கிருந்து கசிந்தது என்று காட்ட, போடிக்காரருக்குச் சொன்ன மாற்றுப்பெயர் முகவரிகள் உங்களுக்கும் உதவும். மேலே சொன்ன 1930 என்ற எண் பணம் பறிபோனவர்களுக்கானது. சலிப்பூட்டும் விளம்பரங்களுக்காக அதை அழைத்து வரிசையை நீட்ட வேண்டாம்.